யார் யாரைக் கட்டினார், யார் யாரை வளர்த்தார்

காரிமங்கலத்தில் நான் நடத்தும் இ-சேவை மையத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது, இவர் யாருக்கு என்ன உறவு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஒரு தாள். வாரிசுச் சான்று, விதவைச் சான்று, கணவனால் கைவிடப்பட்டவர் சான்று, திருமணமாகாதவர் சான்று, கலப்புத் திருமணச் சான்று. ஆண் குழந்தை இல்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ரேஷன் கார்டையும் ஆதாரையும் ஸ்கேன் பண்ணி ஏற்றிவிட்டால் மேற்கொண்டு தாலுகா ஆபீஸ் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் தாள்கள் எல்லாமே இன்றைய தேதிக்கு நீ என்ன என்றுதான் கேட்கின்றன. மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர், பிரிந்தவர், விவாகரத்தானவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்த ஐந்துதான். பென்ஷனுக்கும் உதவித்தொகைக்கும் இது போதும். ஆனால் கடையைச் சாத்திவிட்டு வந்து என் சொந்தக் குடும்பத்தின் கொடிவழியை, அதாவது வம்சாவளியை, கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தால், இந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையைக்கூட முடிக்க முடியாது. என் அத்தை பதினாறு வயதில் மணமானவர், பதினேழில் அந்த மணம் தீர்த்துவிடப்பட்டவர், எழுபதைத் தாண்டிய இன்றைக்கு ஊரார் கணக்கில் கல்யாணமே ஆகாதவர். அவரை எதில் போடுவது?

நான் யாருக்கும் 'மண நிலை' என்று ஒன்றை எழுதுவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்ன வருஷம் இன்ன ஊரில் தாலி கட்டினார்கள். இன்ன வருஷம் பிரிந்தார்கள். இன்ன வருஷம் ஒருவர் இறந்தார். இவற்றை வரிசையாகப் பதிந்துவிட்டால், எந்தத் தேதியில் யார் என்ன நிலையில் இருந்தார் என்பது தானாகத் தெரிந்துவிடும். அப்புறம், பிள்ளை யாருடையது என்பதைக் கல்யாணத்தோடு சேர்த்து முடிச்சுப் போடுவதில்லை. அது தனிச் செய்தி.

நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள். 2001-ல் தொடங்கிய திறமூலத் திட்டம். இணையம் இல்லாமலே ஓடும், தகவல் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம். அதில் ஆள் ஒரு பதிவு, குடும்பம் இன்னொரு பதிவு. குடும்பப் பதிவில் இரண்டு பேரை இணைத்துவிட்டு, அவர்களுக்குள் என்ன உறவு என்று குறிக்கலாம்: மணமானவர்கள், மணமாகாதவர்கள், தெரியாது என்பது போல. இதில் எதுவும் பொருந்தாவிட்டால் நம் வார்த்தையில் நாமே எழுதிக்கொள்ளலாம். திருமணம் என்பது அந்தக் குடும்பத்துக்குள் தேதியோடும் ஊரோடும் சேர்க்கிற ஒரு நிகழ்வு. சேர்க்காவிட்டால் அது இல்லை. இரண்டு பேர் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் என்று போட்டதாலேயே அவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் என்று ஆகிவிடாது.

குழந்தையைச் சேர்க்கும்போது இன்னொரு நல்ல வசதி உண்டு. அப்பாவோடு என்ன உறவு, அம்மாவோடு என்ன உறவு என்று தனித்தனியாகக் கேட்கும். பிறப்பு, தத்து, மூத்த தாரத்துப் பிள்ளை போன்ற உறவு, வளர்ப்பு, தெரியாது என்று தேர்வுகள் இருக்கும். என் பெரியப்பாவைப் பதிந்தபோதுதான் இதன் அருமை புரிந்தது.

தாத்தாவுக்கு இரண்டு தாரம், எனக்கு இரண்டு பாட்டிகள். கூடப் பிறந்த அக்காவும் தங்கையும். மூத்தவருக்குப் பிள்ளை தங்கவில்லை என்று அவரே முன்நின்று தன் தங்கையைக் கட்டிவைத்தார். சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது 1949-ல். இந்தக் கல்யாணம் அதற்கு முன்பே நடந்துவிட்டது, அதனால் இரண்டுமே சட்டப்படி செல்லுபடியான திருமணங்கள். இளைய பாட்டி பெற்ற முதல் ஆண் பிள்ளையைத் தீட்டுக் கழிந்த கையோடு மூத்தவர் மடியில் போட்டுவிட்டார்கள். எழுத்துமூலம் தத்து எதுவும் கிடையாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆனால் பெரியப்பா படுத்தது, சாப்பிட்டது, அடி வாங்கியது எல்லாம் மூத்த பாட்டியிடம். பெற்றவரை அவர் 'சின்னம்மா' என்றே கூப்பிட்டார்.

"பெரியப்பா, உங்களை யார் பிள்ளைன்னு போடட்டும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் பிள்ளைன்னும் போடு. ஒருத்தரை விட்டாலும் எனக்கு மனசு ஆறாது."

அப்படியே போட்டேன். தாத்தாவும் இளைய பாட்டியும் உள்ள குடும்பத்தில் அவர் இருவருக்கும் பிறப்பால் பிள்ளை. தாத்தாவும் மூத்த பாட்டியும் உள்ள குடும்பத்திலும் அவரையே சேர்த்து, அப்பாவுக்குப் பிறப்பு, அம்மாவுக்கு 'பெரியம்மாவே தாயாக வளர்த்தது' என்று என் வார்த்தையில் எழுதினேன். பதிவு ஒன்றுதான், ஆள் ஒருவர்தான், இரண்டு குடும்பங்களிலும் வருகிறார். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் வேறொரு மென்பொருள் வைத்திருக்கிறான். அவனுக்குக் கோப்பு அனுப்பும்போது இந்த மாதிரி நாமே எழுதிய உறவுகள் அந்தப் பக்கம் வந்து சேராமல் போகலாம். அதனால் அதே விஷயத்தைக் குறிப்புப் பகுதியிலும் முழு வாக்கியமாக எழுதிவிடுகிறேன்.

மென்பொருள்களுக்கு நடுவே கொடிவழியைக் கொண்டுபோகும் கோப்பு வடிவத்துக்கு ஜெட்காம் என்று பெயர். அமெரிக்காவின் மார்மன் சபை 1984-ல் கொண்டுவந்தது. கணவன், மனைவி, குழந்தை என்ற மூன்று இடங்கள்தான் அதன் குடும்பப் பதிவின் எலும்புக்கூடு. ஆனாலும் அதை உருவாக்கியவர்கள் ஒரு விஷயத்தை நன்றாக யோசித்திருக்கிறார்கள். கல்யாணம் நடந்தது தெரியும், தேதி தெரியாது என்றால் திருமணக் குறியீட்டின் பக்கத்தில் 'ஒய்' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால் போதும், 'நடந்தது உண்மை' என்று பொருள். 2021-ல் வந்த 7.0 பதிப்பில், நடக்கவே இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் ஒரு குறியீடு சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் வெறுமையாக விட்டால், நமக்குத் தெரியவில்லை என்று பொருள். நடந்தது, நடக்கவில்லை, தெரியவில்லை. இந்த மூன்றையும் பிரித்து வைப்பதுதான் கொடிவழி எழுதுகிறவரின் நாணயம். நம் ஊர்களில் பெரியவர்கள் சொல்லும் கதையில் மூன்றாவதுக்கு இடமே இருப்பதில்லை. தெரியாததை ஒன்று கல்யாணமாக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் அந்த ஆளையே பேச்சிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

இப்போது அத்தை. அவருக்குக் கல்யாணமான காலத்தில் பெண்ணுக்குச் சட்டப்படி பதினைந்து வயது போதும், பதினெட்டு ஆனது 1978-ல்தான். மாப்பிள்ளை பென்னாகரம் பக்கம். ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். காரணம் குடும்பத்துக்குள் இருக்கட்டும். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, நகையையும் பாத்திரத்தையும் திருப்பிக் கொடுத்து, தாலியை வாங்கிக்கொண்டு தீர்த்துவிட்டார்கள். கோர்ட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. அது விவாகரத்துதானா? 1955-ன் இந்து திருமணச் சட்டம், 29-வது பிரிவில், வழக்காற்றின்படி மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமையைத் தொடாமல் விட்டிருக்கிறது. அதனால் நான் 'மணமுறிவு' என்று நிகழ்வு சேர்த்து, விவரத்தில் 'ஊர்ப் பஞ்சாயத்தில், வழக்கப்படி' என்று எழுதினேன்.

வீட்டில் இதற்கு எதிர்ப்பு வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன கதையை ஏன் கிளறுகிறாய், கல்யாணம் ஆகாதவர் என்றே இருக்கட்டும் என்றார்கள். அவர்களிடம் வாதாடாமல் அத்தையிடமே போய்க் கேட்டேன். உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும்போது அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. புளி உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நடந்ததை நடந்துச்சுன்னு போடு, கண்ணு. அந்தாளு பேரு மட்டும் வேணாம். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்."

அதன்படி, கணவர் இடத்தைப் பெயர் இல்லாமல் விட்டு, திருமணத்தையும் முறிவையும் பதிந்து, இரண்டு நிகழ்வுகளுக்கும் பூட்டுப் போட்டேன். கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் ஒரு பூட்டுப் படம் இருக்கும், அதை அழுத்தினால் அது தனிப்பட்டது. கோப்பை வெளியே அனுப்பும்போது, தனிப்பட்டவற்றைச் சேர்க்காதே என்று சொல்லிவிட்டால் அது நம்மிடம் மட்டும் தங்கும். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மொத்தமாக விலக்கவும் வழி இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோப்பைப் போடுவதற்கு முன் இந்த இரண்டு டிக்கையும் பார்க்காமல் யாரும் அனுப்பாதீர்கள், இது என் வேண்டுகோள்.

அத்தைக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. ஆனால் என் தம்பியை மூன்று வயதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வளர்த்தது அவர்தான். எங்கள் குலதெய்வக் கோயிலின் வரி நோட்டில் கல்யாணமான ஆண்கள் மட்டும் ஒரு தலைக்கட்டு. அத்தை எந்தக் காலத்திலும் அதில் இருந்ததில்லை, இனியும் இருக்கப்போவதில்லை. அந்த நோட்டை மட்டும் வைத்து ஒருவர் எங்கள் வகையறாவை எழுதினால், இப்படி ஒரு பெண் பிறந்ததே தெரியாது. தம்பியின் பதிவில் 'வளர்த்தவர்' என்று அத்தையை இணைத்திருக்கிறேன். இது அம்மாவின் இடத்தைப் பறிக்காது. இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

சீர்திருத்தக் கல்யாணம் ஒன்றும் எங்கள் குடும்பத்தில் உண்டு. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள். 1967-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் இது 'மணமானவர்கள்'தான், அதில் பேச்சே இல்லை. எப்படி நடந்தது என்பது குறிப்பில் இருக்கிறது.

சிக்கலே இல்லாமல் சிக்கலாகத் தெரிவது மாமன் கல்யாணம். என் அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியே எனக்குப் பெரிய அத்தை. இளைய பாட்டி எனக்கு அப்பாயியும் ஆகிறார், அம்மாவுக்கு அம்மாயியும் ஆகிறார். நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டாத குடும்பத்தைத் தேடத்தான் வேண்டும். வழக்கம் இருந்தால் நெருங்கிய உறவில் மணம் செல்லும் என்று அதே 1955 சட்டம் 5-வது பிரிவில் சொல்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்தைப் பதியும்போது, பாட்டியைப் புதிய ஆளாகச் சேர்க்காமல் ஏற்கெனவே இருக்கும் பதிவைத் தேடி எடுத்து இணைக்க வேண்டும். அப்படிச் செய்தால் வரைபடத்தில் அவர் இரண்டு தலைமுறையில் வந்தாலும் ஆள் ஒருவராகவே இருப்பார்.

இளைய பாட்டியிடம் சின்ன வயதில் கேட்டது நினைவிருக்கிறது: "பெத்தது ஒம்பது, நின்னது அஞ்சு." அந்த நாலு பேருக்கும் பதிவு போட்டேன். பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூட ஒருவருக்குத் தெரியாது. இருந்தாலும் தாத்தா பாட்டி குடும்பத்தில் ஒன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தப் பிறப்புக்கு நடுவில் எந்தக் குழந்தை என்பதைப் பெரியப்பா சொன்னதை வைத்து வரிசைப்படுத்தினேன். குப்பன், குப்பம்மாள் என்று ஒரு பெயர் வந்தால் அதற்கு முன்னால் பிள்ளைகள் தவறியிருக்கிறார்களா என்று கட்டாயம் கேட்பேன். பிள்ளை தங்காத வீட்டில்தான் அடுத்து பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து அப்படிப் பெயர் வைப்பார்கள். ஒரு பெண் எத்தனை முறை தாயானார் என்பது அவர் வாழ்க்கையில் பெரிய செய்தி. பிழைத்தவர்களை மட்டும் எழுதினால் அது மறைந்துவிடும்.

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் தங்கை, சித்தப்பா மகள், தன் பெண்ணைத் தொட்டில் குழந்தைத் திட்டம் வழியாகத் தத்து எடுத்தவள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் அரசு தொடங்கிய திட்டம் அது. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் வந்தது. நம் பகுதிக்கு ஏன் அது வந்தது என்பதை இந்த மண்ணில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாப்பாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தன்னைப் பற்றித் தெரியும். இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அழுத்தமான கோடு. அவள் பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு.

"எனக்கு மட்டும் ஏன் பெரியம்மா கோடு விட்டுவிட்டு வருது?"

உறவு வரைபடத்துக்கான தேர்வுகளில், பிறப்பால் வராத உறவைப் புள்ளிக்கோட்டால் காட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. அதை அவளிடமே காட்டினேன். டிக்கை எடுத்துவிட்டு மறுபடியும் வரையச் சொன்னேன், கோடு முழுசாக வந்தது. உள்ளே இருக்கும் 'தத்து' என்ற குறிப்பையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"உள்ள இருக்கட்டும். அது உண்மைதானே. தாள்ல வேணாம்."

1956-ன் தத்துச் சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட இதுவே. தத்து எடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை எல்லா விஷயத்திலும் தத்து எடுத்தவர்களின் குழந்தை. பெற்றவர்கள் யார் என்ற இடத்தை நிரப்ப மென்பொருள் வற்புறுத்துவதில்லை. ஒரே ஒரு குடும்பத்தில், தத்து என்று மட்டும் சேர்த்துவிட்டால் பதிவு முழுமையானது. தத்து எடுத்த தேதியைத் தங்கை ஆண்டுதோறும் கேசரி கிண்டிக் கொண்டாடுகிறாள், அதனால் அந்தத் தேதியையும் நிகழ்வாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆதாரத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: பரணில் இருக்கும் மொய் நோட்டை எடுங்கள். கல்யாணத் தேதி, ஊர், யார் என்ன முறையில் எழுதினார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். இளையவரைக் கட்டிய கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்காமல் இருக்கலாம், மொய் வாங்காமல் இருந்திருக்க மாட்டார்கள். தேதி கிடைக்காவிட்டால் நிகழ்ச்சியைப் பிடியுங்கள். தருமபுரி தனி ஜில்லா ஆன வருஷம் வளைகாப்பு என்று ஒருவர் சொன்னால் அது 1965. ஊர்ப் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். காவேரிப்பட்டணத்துக் கல்யாணம் 1960-ல் என்றால் சேலம் மாவட்டம், 1980-ல் என்றால் தருமபுரி, 2004 பிப்ரவரிக்குப் பிறகு என்றால் கிருஷ்ணகிரி. கிராம்ப்ஸில் ஓர் ஊர் எந்தக் காலத்தில் எதற்குள் இருந்தது என்று தேதியோடு பதியலாம்.

கடைசியாகச் சேர்த்தது சின்ன தாத்தாவின் குடும்பம். அவர் இளவயதிலேயே கோலார் தங்கவயலுக்குப் போனவர். இங்கிருந்து போன பலரைப் போல அங்கேயே தங்கிவிட்டார். அங்கே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தினார், பிள்ளைகள் உண்டு. தாலி கட்டினாரா என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடினபோது அவர் உயிரோடு இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் அவர் 'கல்யாணம் பண்ணாமலே போனவர்'. அவர் மகள், எனக்கு அத்தை முறை, ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறார். நம்பர் கிடைத்துப் பேசினேன். "எங்கம்மா கழுத்துல மஞ்சக் கயிறு இருந்துச்சும்மா. யாரு, எங்க கட்டினாங்கன்னு நாங்க கேட்டதில்ல" என்றார்.

இருவருக்கும் நடுவிலான உறவு 'தெரியாது'. திருமண நிகழ்வு சேர்க்கவில்லை. பிள்ளைகள் ஐந்து பேரும் இருவருக்கும் பிறப்பால் பிள்ளைகள். பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. முறையாகக் கட்டாதவளை நம் வகையறாவில் எப்படிச் சேர்ப்பது என்றார். கட்டவில்லை என்பதும் நமக்குத் தெரியாதே பெரியப்பா, பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எப்படி நடந்ததோ அப்படி மாற்றிவிடுகிறேன் என்றேன். பிள்ளைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூத்தவன் தன் அப்பன் மாதிரியே இருப்பானா என்று மட்டும் கேட்டார். ராபர்ட்சன்பேட்டை அத்தையிடம் அண்ணன் தம்பிகள் எல்லோருடைய பள்ளிச் சான்றிதழையும், முடிந்தால் ஒரு போட்டோவையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.